குளிர்வீடு வெந்தது ஏன்?

கல்முனைக் கடற்கரைக்குச் சற்று மேற்கே, பிரதான வீதியின் ஓரமாக, ஒரு மாளிகை எழுந்து நின்றது. வாயிற்கல்லில் 'குளிர்வீடு' என்ற பெயர் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்குக் கீழே நின்றவரின் சட்டையோ பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது.

நனைந்து நின்றவர் அவ்வீட்டின் அதிபதி றாஸிக் ஹாஜியார். நெல் ஆலை முதலாளி. சக்தி வினைத்திறன் கட்டட விதிக்கோவையின்படி, அதாவது வெயிலை வெளியே நிறுத்தி, காற்றை உள்ளே அழைத்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் விதிகளின்படி, இந்தக் கரையோரத்தில் எழுந்த முதல் வீடு தம்முடையதே என்று கலியாண வீடுகளிலும் சாவு விழுந்த மையித்து வீடுகளிலும் ஒரே குரலில் முழங்கி வந்தவர். அந்த விதிக்கோவையில் ஒரு பக்கத்தையேனும் அவர் வாசித்ததில்லை. பெருமையடிப்பதற்கு வாசிப்பு எதற்கு?

"பாத்தீங்களா ஷரிபுதீன் காக்கா?" என்று அவர் நெற்றியை வழித்து உதறினார். "குளிர்வீடு எண்டு சொல்லி அடுப்பக் கட்டித் தந்திருக்கா அந்தப் புள்ள. கூரைக்குள்ள போடுற வெக்கை தடுக்கிற சீற்றப் போடவே இல்ல. வித்துத் திண்டுட்டா. அத மட்டும் நீங்க கண்டுபிடிச்சித் தந்தாப் போதும்."

அந்தப் புள்ள என்று அவர் குறிப்பிட்டது மருதமுனைக் கட்டடக் கலைஞர் பஹ்மிதாவை. வீட்டை வரைந்தவர் அவர்; வீடு வெந்ததற்குக் குற்றவாளியும் அவரே என்று ஹாஜியார் முறைப்பாடு செய்திருந்தார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பின், முறைப்பாட்டை விசாரிக்கும் பொறியியலாளர் மூவர் குழு அந்த வீட்டுக்கே வரப் போகிறது. முறைப்பாடு நிலைத்தால் பஹ்மிதா இனி எந்தக் கட்டடத்துக்கும் கோடு கீற முடியாது. நற்பிட்டிமுனையில் அதே விதிக்கோவையின்படி அவர் வரைந்து, அத்திவாரம் வரை வந்திருந்த மகப்பேற்று நிலையமும் கைநழுவிவிடும்.

துப்பறிவாளர் ஷரிபுதீன் அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் நடந்தார். அவர் ஒரு காலத்தில் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காகத் தீப்பற்றிய கடைகளை விசாரித்தவர். கடை தானாக எரிந்ததா, முதலாளி எரித்தாரா என்பதைச் சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவார். அந்த அனுபவம் அவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைத் தந்திருந்தது: யார் உரத்து அழுகிறாரோ, அவருடைய விரல்களைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

"ஹாஜியார்," என்றான் அவருடைய உதவியாள் கிசோக். ஆலையடிவேம்புக்காரன், ஆட்டோ ஓட்டுவது அவன் தொழில், வாயை ஓட்டுவது அவன் பிறவிக்குணம். "அஞ்சு ஏசி ஓடுது. அஞ்சும் வேர்க்குது. பாவம், அதுகளுக்கு ஒரு காத்தாடி வாங்கிப் போடுங்களன்."

"தம்பி, பகிடி விடாம வேலயப் பாருங்க."

கிசோக் ஏணியை இழுத்து வைத்து, உட்கூரையின் பலகையைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தான். இறங்கும்போது அவன் மீசை நிறையத் தூசி.

"காக்கா, சீற்று இரிக்கி. கலியாணப் பொண்ணுக்கு வெள்ளிச் சரிகைச் சேல சுத்தின மாதிரி மூலைக்கு மூலை இரிக்கி. ஒரு முழமும் குறையல்ல."

ஹாஜியாரின் முகம் தொங்கிப்போயிற்று. தம் கூரையில் களவு நடக்கவில்லை என்று கேட்ட மனிதன் மகிழவேண்டுமல்லவா? இவரோ துக்கம் விசாரிக்கப்படவேண்டியவரைப் போல நின்றார். கூரை தப்பியதில் அவருக்கு ஆறுதல் இல்லை. ஒரு பெண் தப்பிவிடுவாளோ என்பதில்தான் அவருக்கு வேதனை.

"அப்ப சீற்று போலிச் சீற்று," என்றார் உடனே. "பரிசோதிச்சுப் பாருங்க!"

அந்நேரம் பள்ளிவாசலிலிருந்து நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. ஷரிபுதீன் கைகால் கழுவி ஒழுச் செய்துகொண்டு வீட்டின் தொழுகை அறைக்குள் போனார்.

சிறிய, அடக்கமான அறை. ஒரு சுவரில் வளைவான மாடம் ஒன்று அளவெடுத்துச் செதுக்கியதுபோல் அமைந்திருந்தது. ஒரு பள்ளிவாசலின் முன்சுவரைச் சுருக்கி வீட்டுக்குள் கொண்டுவந்த அழகு அதில் இருந்தது. அந்த மாடத்துக்குள் பச்சை விளக்குகள் மினுங்க ஒரு வைஃபை றவுட்டரும், பக்கத்தில் மூன்று அத்தர்ப் போத்தல்களும் வீற்றிருந்தன. முசல்லா என்ற தொழுகை விரிப்போ மாடத்தை நோக்கி விரிக்கப்படவில்லை. மாடம் வலக்கைப் பக்கம் ஒதுங்கி நிற்க, வெறும் சுவரை நோக்கி அது கிடந்தது.

ஷரிபுதீன் மக்கா இருக்கும் திசையான கிபுலாவை நோக்கித் தொழுதார். தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்க வலப்புறம் முகம் திருப்பியபோது றவுட்டர் அவரைப் பார்த்துக் கண்சிமிட்டியது. எழுந்தவர் நெடுநேரம் அந்த மாடத்தின் முன்னால் நின்றார்.

"ஹாஜியார், இந்த மாடம் என்னத்துக்கு?"

"அதுவா? சும்மா அலங்காரம். அந்தப் புள்ள எதுக்கோ கீறி வெச்சிருக்கா. றவுட்டருக்கு நல்ல தோது."

கிசோக் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். "காக்கா, நான் கோயில்காரன், தெரியாமத்தான் கேக்கிறன். ஒங்கட பள்ளியில இந்த மாடம் எந்தப் பக்கம் இரிக்கும்?"

"கிபுலாப் பக்கம். மேற்க, கொஞ்சம் வடக்கால சரிஞ்சி."

"இது நேர வடக்கால இரிக்குதே?"

"ஓம்," என்றார் ஷரிபுதீன். "அதத்தான் நானும் பாக்கிறன்."

வீதிக்கு வந்ததும் அவர் பஹ்மிதாவைத் தொலைபேசியில் அழைத்துத் தம்மை யாரென்று சொன்னார்.

"மகள், ரெண்டே ரெண்டு கேள்வி. தொழுகை அறை மாடம் ஒங்கட ப்ளான்ல எந்தப் பக்கம்?"

"கிபுலாவுக்கு. மேற்குச் சுவரில. வேற எங்க வெப்பாங்க?"

"கக்கூசு? அதையும் கிபுலாவுக்குப் பாத்துத்தானே வெக்கிற?"

"வடக்கப் பாத்து. கிபுலாவுக்கு முகமும் இல்ல, முதுகும் இல்ல. நானும் முஸ்லிம்தானே சேர்?"

"கட்டும்போது நீங்க வந்து பாக்கல்லயா?"

"விடல்ல. பொம்பளப் புள்ள சாரத்தில ஏறுறது வடிவில்லயாம். போட்டோ அனுப்பினாங்க. சீற்றுப் போட்டோ, சிலாப்புப் போட்டோ, எல்லாம் கிட்டக்கிட்ட எடுத்தது. இண்டைக்கித்தான் அந்த வீட்டுக்குள்ள கால் வெக்கப் போறன்."

"செரி, அஸருக்கு வாங்க. அதுவரைக்கும் அழக்கூடா."

"நான் அழல்ல சேர். எனக்குக் கோவம்."

"அது நல்லம். அத அப்பிடியே கொண்டு வாங்க."

வீட்டைக் கட்டிய பஸால் மேசனை அவர்கள் சாய்ந்தமருதில், வேறொரு கட்டடத்தின் படிக்கட்டு நிழலில், பிளேன்டீயும் கையுமாகப் பிடித்தார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து வயல்வெளியின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் எறிந்துகொண்டிருந்தது.

"பஸால்," என்றார் ஷரிபுதீன் உட்காராமலே. "வீட்ட என்னத்துக்குக் கிறுக்கி, திசை திருப்பிக் கட்டினீங்க?"

மேசன் பிளேன்டீயைக் கீழே வைத்தார். "ஆரு சொன்ன?"

"ஒரு றவுட்டர்."

"வாக்குமூலம் குடுத்திட்டுது," என்றான் கிசோக். "பச்சை லைட்டப் போட்டுப் போட்டு அழுகுது."

பஸால் தலையைக் குனிந்தார். "அத்திவாரம் வெட்ட நூல் கட்டின அண்டைக்கி ஹாஜியார் வந்தாரு. ப்ளான எண்ட கையால வாங்கி, கால்வாசி கிறுக்கிப் புடிச்சாரு. 'பஸால், கக்கூசு கிபுலாவப் பாக்குது. முழு வீட்டயும் இப்பிடிக் கிறுக்கிக் கட்டு' எண்டாரு."

"ப்ளான் கீறின புள்ளக்கிச் சொல்லல்லயா?"

"சொல்லுவம் எண்டு கேட்டன். பொம்பளப் புள்ளகிட்டப் போய்க் கக்கூசுக் கதை கதைக்கிறதா, ஒனக்கு வெக்கமில்லயா எண்டு ஏசினாரு. மார்க்க விசயம் காக்கா. நான் மறுத்துக் கதைக்கல்ல."

மார்க்க விசயம்! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அளவுநாடா சுருண்டுகொள்கிறது, நூல்குண்டு மௌனம் சாதிக்கிறது, மூளை தன் கடையைச் சாத்திக்கொள்கிறது. அதே மார்க்கம் 'சிந்திக்கமாட்டீர்களா' என்று ஓயாமல் கேட்பதை மட்டும் இவர்களுடைய காது கேட்பதில்லை. கழிகலம் ஒன்று பிழையான திசையில் இருந்தால் கழிகலத்தைத் திருப்புவது மனித வழக்கம். கழிகலத்துக்காக மாளிகையைத் திருப்பிய பெருமை, அறிவை வாடகைக்கு விட்டுவிட்டு ஆணவத்தைக் குடிவைத்திருக்கும் பணக்காரனுக்கே உரியது.

ஷரிபுதீன் ஒரு குச்சியால் மணலில் சதுரம் கீறினார். "கிசோக், இங்க பாரு. அந்தப் புள்ள பெரிய கண்ணாடி யன்னல் எல்லாத்தையும் தெக்கயும் வடக்கயும் வெச்சிருக்கா. அந்தப் பக்கம் வெயில் உச்சிக்கு மேலால போகும். யன்னலுக்கு மேல ஒரு சிலாப்பு நீட்டினா நிழல் விழுந்திரும். மேற்க மூடின சுவர், படிக்கட்டு, சாமான் அறை. பின்னேர வெயிலும் கச்சானும் வந்து சுவரில முட்டித் திரும்பிப் போகும். விதிக்கோவையில உள்ள பாதி இதுதான். இப்ப கால்வாசி கிறுக்கு."

அவர் சதுரத்தைத் திருப்பிக் கீறினார்.

"தெக்க இருந்த கண்ணாடி மேற்க வந்திட்டுது," என்றான் கிசோக் மெதுவாக. "ஆனா மேல சிலாப்பு நீட்டிக்கொண்டுதானே இரிக்கி?"

"பின்னேர வெயில் மேலால வராது. நேர வரும்."

"ஓ! தலைக்கு மேல குடை புடிச்சா, மூஞ்சிக்கு அடிக்கிற டோர்ச்ச மறைக்குமா எண்ட கதை." அவன் கைகளைத் தட்டினான். "அப்ப முடிஞ்சுது காக்கா! களவு இல்ல. பக்தி முத்தி வந்த பிழை. வாங்க, குழுவுக்குச் சொல்லிப்போட்டுச் சோறு தின்னுவம்."

"இரு." ஷரிபுதீன் மேசனிடம் திரும்பினார். "கக்கூசுக் கோப்பையப் பூட்டினது ஆரு?"

"அக்கரைப்பற்றுப் பிளம்பர். நான் சுவரோட போயிட்டன்."

"பூட்டினதுக்குப் பொறகு நீங்க பாக்கல்லயா?"

"பணக்காரன்ட கக்கூசுக்குள்ள எனக்கென்ன வேல காக்கா?"

"இண்டைக்கி வேல இரிக்கி. ஏறுங்க ஆட்டோவுல."

அவர்கள் திரும்பி வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. வீதியை நோக்கிய பெரிய மண்டபத்தில், தரையிலிருந்து உட்கூரை வரை எழுந்து நின்ற கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், மூவர் குழு அமர்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது. குழுவின் தலைவி ஹாஜறா. அளந்து பேசும் மூத்த பொறியியலாளர். ஹாஜியார் தமக்கு ஆதரவாகப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் சிலரையும், அயலவர் பலரையும் அழைத்திருந்தார். ஒரு பெண்ணைத் தலைகுனிய வைக்கும் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் வேண்டாமா?

பஹ்மிதா வாசலுக்கு வந்தார். உள்ளே வைத்த காலை அப்படியே நிறுத்தினார். மேற்குக் கண்ணாடியையும், அதில் கொதித்துக்கொண்டிருந்த சூரியனையும் பார்த்தார்.

"இது நான் கீறின வீடு இல்ல," என்றார். "இது கிறுகி நிக்கிது."

மண்டபம் சலசலத்தது. ஹாஜறா நிமிர்ந்தார். "ஹாஜியார், மெய்யா?"

எந்த மனிதனும் அந்தக் கேள்வியில் தடுமாறியிருப்பான். ஹாஜியாரோ நெஞ்சை நிமிர்த்தினார். குரலில் தேனையும் கண்ணீரையும் சம அளவில் கலந்தார்.

"ஓம், நான்தான் கிறுக்கினன்! என்னத்துக்கு? இந்தப் புள்ள கக்கூச கிபுலாவப் பாத்துக் கீறி வெச்சிருந்தா! சபையோரே, நான் வெக்கையில வெந்தாலும் பரவாயில்ல. கிபுலாவ அவமதிக்க ஏலுமா? பெரிய படிப்புப் படிச்ச புள்ளக்கி இது தெரியல்ல. மானத்த மறைப்பம் எண்டுதான் வெளிய சொல்லாம இரிந்தன்."

கணப்பொழுதில் சபை புரண்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் ஒருவர். "படிப்பு கூடினா இப்பிடித்தான்" என்றார் இன்னொருவர்.

"பொய்!" என்றார் பஹ்மிதா. "நான் வடக்கப் பாத்துத்தான் கீறினன்!"

யாருடைய காதிலும் அது ஏறவில்லை. உண்மை தனியாக வந்திருந்தது. பொய்யோ பக்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது. பக்தியோடு வருகிறவனுக்கு எழுந்து இடம் கொடுத்தே பழகிய சபை, அவன் சட்டைப்பைக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்குமா? ஹாஜறாவும் பேனையை மூடிவைத்தார். நற்பிட்டிமுனை அத்திவாரம் பஹ்மிதாவின் கண்ணெதிரே மண்மூடிப் போய்க்கொண்டிருந்தது.

ஷரிபுதீன் எழுந்தார்.

"மாஷா அல்லாஹ்! கிபுலாவுக்காக ஒரு வீட்டையே கிறுக்கின மனிசன் நம்மட ஊரில இரிக்கிறாரு. அப்பிடிப்பட்டவர்ர கக்கூச நாம எல்லாரும் ஒருக்காப் பாக்கோணும். படிப்பினை கிடைக்கும்."

"என்ன காக்கா இது, பெரிய மனிசர் இரிக்கிற இடத்தில!" ஹாஜியார் வழிமறித்தார்.

"தள்ளுங்க ஹாஜியார்," என்றான் கிசோக். "தர்காவுக்குச் சியாரத்துக்குப் போற மாதிரி அதபாப் பணிஞ்சி போவம்."

பஸால் மேசன்தான் கதவைத் திறந்தார். கழிகலம் பளபளவென்று, நேர் கிழக்கே, கடலைப் பார்த்து அமர்ந்திருந்தது. அதன் முதுகு எந்தப் பக்கம் என்று சொல்ல எவருக்கும் திசைமானி தேவைப்படவில்லை.

"யா அல்லாஹ்!" மேசன் தலையில் கை வைத்தார். "இது கிபுலாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இரிக்கி! நல்லா இரிந்தத நான்தான் கிறுக்கிக் கெடுத்துப் போட்டன்!"

அஸ்தஃபிருல்லாஹ் சொன்னவர் இப்போது எதைச் சொல்வது என்று அறியாமல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அனைவரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். ஷரிபுதீன் ஹாஜியாரின் முன்னால் போய் நின்றார்.

"கால்வாசி கிறுக்கின பொறகு கிழக்கப் பாக்குதெண்டா, ப்ளான்ல அது வடக்கத்தான் பாத்து இரிந்த, அது பிழையே இல்ல. நீங்க கிறுக்கினதாலதான் பிழை வந்த. குடிவந்த நாள் தொட்டு நீங்க அதிலதான் போய் இரிக்கிறீங்க. ஒரு நாளும் ஒங்களுக்கு உறுத்தல்ல. தொழுகை மாடம் வடக்க போயிட்டுது, அதில றவுட்டர் வெச்சீங்க, அதுவும் உறுத்தல்ல. கிபுலாவுக்காகக் கிறுக்கினவன், கிறுக்கி முடிஞ்சதும் முதல்ல கிபுலாவத்தான் பாப்பான். நீங்க பாக்கல்ல. அப்ப நீங்க பாத்தது வேற ஒண்டு. அது என்ன?"

ஹாஜியாரின் கண் தன்னையறியாமல் கண்ணாடிச் சுவருக்கு ஓடியது.

"றோட்டு!"

குரல் குசினிப் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. திரை விலகியது. ஹாஜியாரின் மனைவி கமீலா, முகமெல்லாம் சிவந்து வெந்து, கையில் அகப்பையோடு வெளியே வந்தார்.

"றோட்டத்தான் பாத்தாரு! ப்ளான்ல பெரிய கண்ணாடி தெக்கால, சின்ன ஒழுங்கைப் பக்கம் இரிந்திச்சி. 'ஒழுங்கையில ஆடும் மாடும்தான் பாக்கும், றோட்டால போறவன் பாத்து வயிறெரியோணும்' எண்டு எண்ட உசிர எடுத்தது ஆரு? வயிறெரியிறது றோட்டால போறவனுக்கில்ல, எனக்கு! அந்தப் புள்ள மேல ஏன் பழியப் போடுறீங்க? ஒங்களுக்கும் பொம்பளப் புள்ள இரிக்கிதெல்லா?"

கிபுலாவை விளம்பரப் பலகையாக்கிய பெருமகனை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை மேடைகளில் இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்! எத்தனை பிரசங்கங்களுக்கு இவர் தலைமை தாங்கினார்! அத்தனையும் ஒரு கண்ணாடிச் சுவருக்கு முன்னால் உரிந்து விழுந்துகொண்டிருந்தன.

ஹாஜறா எழுந்து நின்றார். "முறைப்பாடு தள்ளுபடி. கீறின வீடு விதிக்கோவைக்குச் சரி. கட்டின வீடு சரியில்ல. வாசல்ல இரிக்கிற பேரக் கழட்டுங்க ஹாஜியார்." பிறகு அவர் பஹ்மிதாவிடம் திரும்பினார். "நற்பிட்டிமுனை வேலய நீங்கதான் செய்யோணும்."

"செய்வன் மெடம். ஆனா ஒரு கதை. அங்க நான் ஒவ்வொரு நாளும் போவன். சாரத்திலயும் ஏறுவன். வடிவில்ல எண்டு எவனும் சொல்லப்படா."

"ஏறுங்க," என்றார் ஹாஜறா. "நானும் வந்து ஏறுறன்."

ஹாஜியார் ஷரிபுதீனை ஒதுக்குப்புறமாக இழுத்தார். "காக்கா, நான் ஒங்களக் கூப்பிட்டது அந்தப் புள்ளயப் புடிக்க!"

"கடைக்கித் தீ வெச்ச முதலாளிமாரும் என்னப் பாத்து அப்பிடித்தான் கேக்கிறவங்க."

கடைசியாக, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஹாஜியார் பஹ்மிதாவிடமே வந்தார். "மகள்... இப்ப இத எப்பிடிக் குளிராக்கிற?"

பஹ்மிதா கண்ணாடியைப் பார்த்தார். "இதக் கழட்டிப்போட்டு மேற்க முழுக்கச் சுவர் எழுப்போணும். தெக்க யன்னல் திறக்கோணும்."

"அப்ப றோட்டால போறவனுக்கு?"

"வெறும் சுவர்தான் தெரியும்."

"வேற வழியில்லயா?"

"இரிக்கி. இப்பிடியே இரிந்து வேகலாம்."

அவர் படியிறங்கிப் போனார். அயலவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கமீலா அகப்பையோடு பஸால் மேசனைப் பிடித்துக்கொண்டு, எப்போது கல் இறக்குவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஜியார் மட்டும் தம் கண்ணாடியை விட்டு நகர மனமில்லாமல் அதன் முன்னாலேயே நின்றார்.

கிசோக் ஆட்டோவை வீதிக்கு எடுத்தான். பின்னேரச் சூரியன் இறங்கி அந்தக் கண்ணாடி மண்டபத்தை மூலை முடுக்கெல்லாம் வெளிச்சமாக்கியிருந்தது. உள்ளே ஒரு பெரிய மனிதர், சட்டை உடம்போடு ஒட்டிக்கிடக்க, இடுப்பில் கட்டிய சாரனின் முனையால் முகத்தை விசிறிக்கொண்டிருந்தார். வீதியில் ஒரு பஸ் நின்றது. அதன் யன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. ஊர் பார்க்கவேண்டும் என்றுதானே அந்தக் கண்ணாடி?

ஊர் பார்த்தது.